படையெடுப்பும் பாசூர்க் கோட்டையும்

தொண்டைநாட்டில் தேவாரத் திருப்பதிகம் பெற்ற 32 திருத்தலங்களுள் ஒன்று திருப்பாச்சூர். திருவள்ளூருக்கு மேற்கே, திருத்தணி செல்லும் பெருவழியில் இஃது அமைந்துள்ளது. பாசு என்பது மூங்கில். மூங்கிற்காட்டினிடையே இறைவன் சுயம்புவாய் வெளிப்பட்டருளினமையின் ஊர் இப்பெயர் எய்திற்றென்பர். பாசூர்நாதர், வாசீசுவரர் என்னும் திருநாமங்களோடு தங்காதலியம்மை உடனாக எழுந்தருளியிருக்கும் இப்பெருமானைத் திருஞானசம்பந்த சுவாமிகள் ஒரு பதிகத்தாலும், திருநாவுக்கரசு சுவாமிகள் இரண்டு பதிகங்களாலும் பாடியருளினர்.

இத்துணைச் சிறப்பு வாய்ந்த பதி, நாட்டுச் சரித்திர ஏடுகளில் பிறிதொரு காரணம்பற்றியும் குறிக்கப்பட்டுள்ளது. கி.பி. 1781ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆங்கிலக் கும்பெனிப் படை இவ்வூர்க் கோட்டையை முற்றுகையிட்டுக் கைப்பற்றியது. அப்படைக்கு அப்பொழுது வேண்டியிருந்தது புகழுமன்று, நிலமுமன்று, உண்ணும் நெல்லே. படைத்தலைவர் ஒருவர் பகைவருடைய பெருஞ்சேனையைத் தேடிச் செல்லுமுன் ஒரு நெற்களஞ்சியத்தைத் தேடிச் சென்ற இடமாதலின், பழையதொரு வினாவை ஆராய்தற்கு இவ்வூர் தக்க நிலைக்களனாகின்றது. பகைநாட்டுட் புகும் படை பகைவர் சேனையையே தாக்குதல் வேண்டுமோ? அன்றி அச்சேனைக்கு ஆதாரமாகிய நெல், நீர், ஆனிரை, பொருள் என்பவற்றைத் தாக்குதல் வேண்டுமோ? இவற்றுள் வெற்றி தருவது யாது, அறத்தோடு பொருந்துவது யாது என்பன ஈண்டு ஆராயற்பாலன.

தமிழ்ச் சான்றோர் இவ்வினாவை அறியாதாரல்லர். தொல்காப்பியனார் புறத்திணையியலிற் போரை வகைப்படுத்திய முறையே இதனை நன்கு உணர்த்தும். ஆனிரை கவர்தல் வெட்சி. மண்ணசையாற் பகைவர் நாட்டின்மேற் செல்லுதல் வஞ்சி. மதிலை முற்றுதலும் காத்தலும் உழிஞை. வலிமையே பொருளாக இரு படையும் களங்குறித்துப் பொருதல் தும்பை. இவற்றுள் வெட்சி பகைவரது செல்வத்தை நோக்கியது. வஞ்சி நாட்டையும், உழிஞை அரணையும் நோக்கின. தும்பை ஒன்றே சேனையை நேர்நின்று நோக்கியது. ஆகவே சேனையோடு பொருதலும் சேனையின் ஆதாரத்தைக் கவர்தலும் தம்முள் வேறென்பதனை இலக்கண நூலார் வரையறுத்தே வைத்தனர். வஞ்சித்திணையின் துறைகளுள் பகைப்புலத்தை எரியூட்டுதலும் ஒன்றாக எண்ணப்பட்டது. அழியும் நாட்டை நோக்கி இரங்குதற்குக் கொற்றவள்ளை என்னுந் துறையும் அதனோடு வைக்கப்பட்டது. எரியூட்டுதலை வழக்காகக் கண்ட அந்நூலோரே, அதனால் வரும் இரக்கத்தையும் உடன்வைத்தனர் என்பது கருதற்பாலது.

புறநானூற்றுப் புலவர்கள் இதனினும் தெளிவாகப் பேசுகின்றனர். கரிகால்வளவன் இரவென்றும் பகலென்றும் பாராது பகைவர் ஊர்களை எரியூட்டியதனைக் கருங்குழலாதனார் பாடினார். பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி போர் தொடங்குமுன் ஆவும், அந்தணரும், பெண்டிரும், பிணியுடையோரும், மகப்பெறாதவரும் தத்தம் அரணைச் சேர்கவென அறிவித்த அறநெறியை நெட்டிமையார் போற்றினார். ஆவூர்க் கோட்டையுள் அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியை நோக்கிக் கோவூர்கிழார் கூறியது இவ்விரண்டினும் ஆழ்ந்த பொருளுடையது. யானைகள் கவளமின்றி நிலத்திற் புரள்கின்றன. குழவிகள் பாலின்றி அலறுகின்றன. அறத்தைக் கருதின் கதவைத் திறந்துவிடுக, மறத்தைக் கருதின் வெளிவந்து பொருக. இரண்டுமின்றி உள்ளே ஒடுங்கியிருத்தல் நாணுத்தக்கது என்பது அவர் உரையின் கருத்து. முற்றுகையால் உணவறும்போது முதற்கண் வருந்துவோர் வீரரல்லர், குழவிகளே என்பதனை அப்புலவர் கண்டுகொண்டார். முற்றியவனைமட்டும் பழியாது, அடைபட்டிருந்தவனுக்கும் அதிற் பங்குண்டெனக் காட்டினார்.

ஆதாரத்தைத் தாக்குதல் எப்பொழுதும் பயன்படாதென்பதற்குப் பறம்புமலை சான்று. மூவேந்தரும் பாரியின் மலையை முற்றியபோது, உழவரின்றியே விளையும் மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்னும் நான்கும் அம்மலையில் உண்டென்று கபிலர் அவர்களுக்கு எடுத்துரைத்தார். இயற்கையே களஞ்சியமாகிய இடத்தில் முற்றுகை வீணாம் என்பது அதனாற் பெறப்படும். திருவள்ளுவனாரும் நாடு, அரண், பொருள் செயல்வகை என்னும் மூன்று அதிகாரங்களை முன்வைத்து, அவற்றின்பின் படைமாட்சியை வைத்தார். அரணுக்கு இலக்கணம் கூறுமிடத்து, உள்ளே உணவு நிறைந்திருத்தலை வற்புறுத்தினார். படையின் வலி படையினிடத்து மட்டும் இல்லை என்பது அவ்வைப்புமுறையானும் விளங்கும்.

இனித் திருப்பாச்சூர்த் தலவரலாறு கூறுவதொன்று இவ்வாராய்ச்சிக்கு மிக இயைபுடையது. கரிகாற்சோழன் இப்பகுதியை வெல்லக் கருதி வந்தபோது, ஈண்டிருந்த குறும்பர் தலைவன் காளியை வழிபட்டு அவளருளால் வலிமிக்கிருந்தமையின், சோழன் அவனை வெல்லவியலாது பின்வாங்கினன். பின்னர்ச் சோழன் இறைவனை வேண்ட, பெருமான் நந்தியெம்பெருமானை ஏவிக் காளியைக் கட்டுறச் செய்தருளினன். அதன்பின் குறும்பன் தோற்றனன் என்பது அவ்வரலாறு. இதனைச் சரித்திரமெனக் கொள்ளினும், தத்துவமெனக் கொள்ளினும், உணர்த்தப்படும் பொருள் ஒன்றே. சேனையோடு சேனை மோதியபோது கிட்டாத வெற்றி, சேனைக்கு வலிதந்த மூலம் கட்டுண்டபோது கிட்டியது. காளி ஈண்டு அழிக்கப்படவில்லை, கட்டப்பட்டாள் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. இதன் பயன் இறுதியில் விளங்கும்.

திருப்பாச்சூரைச் சூழ்ந்த நிலம் போர்களால் உழப்பட்ட நிலமேயாம். பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் தன் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு கூறும் புள்ளலூர் இதற்குத் தென்மேற்கே உள்ளது. அதே திசையிலுள்ள தக்கோலத்திற் கி.பி. 949ஆம் ஆண்டில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் சோழப்படையோடு பொருதான். பராந்தகசோழன் மகனும் படைத்தலைவனுமாகிய இராசாதித்தன் யானைமீதிருந்தே பட்டான். அவனைக் கொன்றவன் கங்கமன்னன் பூதுகன் என ஆதகூர்க் கல்வெட்டு உரைக்கும். பகைவர் சேனையையும் அதன் தலைமையையும் நேரே தாக்கி வெல்லுதற்கு இதனினுஞ் சிறந்த உதாரணம் காண்டல் அரிது. ஒரே பகலிற் சோழர் சேனை தலையிழந்தது. தொண்டைநாடு ஏறக்குறைய இருபதாண்டுகள் இராட்டிரகூடர் வசமாயிற்று.

ஆயினும் அதனாற் சோழர்குலம் மாண்டதோவெனின், மாளவில்லை. கிருட்டிணன் தஞ்சையையும் கொண்டதாகப் பட்டம் புனைந்தானெனினும், அவன் கல்வெட்டுக்கள் தொண்டைநாட்டிலும் அதனையடுத்த பகுதிகளிலுமே காணப்படுகின்றன. காவிரிக்கரையில் அவன் ஆட்சி நிலைத்ததற்குச் சான்றில்லை. காவிரியின் வாய்க்கால்களும், அவை விளைத்த நெல்லும், அந்நெல்லால் வாழ்ந்த ஊர்ச்சபைகளும் அழியாதிருந்தன. 985ஆம் ஆண்டில் இராசராசன் முடிசூடியபோது, தக்கோலத்துத் தோல்வி நிகழ்ந்து 36 ஆண்டுகளே கழிந்திருந்தன. சேனை அழியினும் விளைநிலம் அழியாத நாடு மீண்டெழும் என்பதற்கு இது சான்று. இதனைக் காணும் அரசியலார் சிலர், ஆகலின் விளைநிலத்தையே அழித்தல் வேண்டும் என முடிவுகட்டுவர். அம்முடிவு எத்தகையதென்பதனை 1780ஆம் ஆண்டின் வரலாறு காட்டும்.

அவ்வாண்டு ஜூலை மாதத்தில் மைசூர் ஐதர் அலி பெருஞ்சேனையுடன் சங்கமக் கணவாய் வழியே கருநாடகத்துட் புகுந்தான். சேனையின் தொகை 80,000க்கு மேற்பட்டதென்பர். சென்னைக் கோட்டையைத் தாக்குதற்கு அவன் விரையவில்லை. பழவேற்காட்டு ஏரிமுதல் புதுச்சேரிக்குத் தெற்குவரை, சென்னையினின்றும் உள்நாட்டில் 30 முதல் 35 மைல் அளவும் பரந்த பெருவட்டத்திற் குடிகளைத் துரத்தி, ஊர்களை எரியூட்டி, கால்நடைகளை ஓட்டிச்செல்லும்படி ஏவினான். வேலூரைச் சூழவும் இத்தகைய வட்டம் அமைந்தது. திருப்பாச்சூர் அப்பெருவட்டத்தின் மேல்விளிம்பில் அமைந்த ஊர். கும்பெனியார் உண்பதற்கு நெல்லும், பீரங்கி இழுப்பதற்கு எருதும் கிடையாவாறு செய்தலே ஐதரின் நோக்கம். 1785ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் எட்மண்டு பர்க்கு இப்பேரழிவை விரித்துப் பேசிய சொற்பொழிவு உலகறிந்தது.

ஐதரின் சூழ்ச்சி முதலிற் பயன்தந்ததென்பதை மறுத்தலாகாது. குண்டூரினின்றும் வந்த கர்னல் பெய்லி கும்மிடிப்பூண்டியைக் கடந்து ஆகஸ்டு 25ஆம் நாள் கொற்றலையாற்றின் வடகரையை அடைந்தார். அன்றே கடவாது தங்கினமையின், இரவிற் பெருகிய வெள்ளத்தால் செப்டம்பர் 3ஆம் நாள்வரை அங்கே தடைப்பட்டார். காஞ்சியிற் பெரும்படையுடன் இருந்த சர் ஹெக்டர் மன்றோ, அங்குச் சேர்த்துவைத்திருந்த சிறிதளவு உணவையும் பெரும்பீரங்கிகளையும் விட்டு அகலமாட்டாது நின்றார். செப்டம்பர் 10ஆம் நாள் புள்ளலூரிற் பெய்லியின் படை சூழப்பட்டது. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடிக்கவே, அப்படை நிலைகுலைந்து அழிந்தது. மன்றோ தம் பெரும்பீரங்கிகளைக் காஞ்சித் திருக்குளத்திற் போட்டுவிட்டுச் செங்கற்பட்டை நோக்கிப் பின்வாங்கினார். வெடிமருந்து அழிந்ததாற் பெய்லியும், உணவை விட இயலாமையால் மன்றோவும் கெட்டனர். ஆதாரத்தைத் தாக்குதலின் வலிமை அம்மாதத்தில் நன்கு புலப்பட்டது.

நவம்பர் மாதத்தில் வங்காளத்தினின்றும் சர் அயர் கூட்டு வந்து படைத்தலைமை ஏற்றார். அவர் எங்கு எதிர்ப்பினும் ஐதரின் சேனையை விலக்கினார். எங்கு விலக்கினும் அதனைத் தொடர்ந்து செல்ல இயலாதவரானார். எருதுகள் இல்லை, சில நாட்களுக்கு மேற்பட்ட அரிசி இல்லை. 1781ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் அவர் சிதம்பரம் திருக்கோயிலைத் தாக்கினார். தில்லைப்பெருங்கோயில் அப்பொழுது ஐதர் படையினரின் கோட்டையாகவும் உணவுச்சேமமாகவும் ஆக்கப்பட்டிருந்தது. ஆனந்தக்கூத்தர் திருநடம் புரியும் பொன்னம்பலத்தைச் சூழ்ந்த மதில்களை ஒருசாரார் பீரங்கிமேடையாக்கினர். மறுசாரார் அவற்றின்மீது குண்டெறிந்தனர். கும்பெனிப்படை புறவாயிலைக் கடந்தும் உட்புக இயலாது மீண்டது. களஞ்சியமே இலக்காகும்போது களஞ்சியம் இருக்குமிடமெல்லாம் போர்க்களமாகும். கோயிலும் அதற்கு விலக்காகாது. இருதிறத்தாரும் இப்பழிக்கு உரியரே.

ஜூலை 1ஆம் நாள் பரங்கிப்பேட்டையில் கூட்டு வென்றார். வென்றும் அவர்க்கு உணவில்லை. ஆகவே வடக்கே வந்து திருப்பாச்சூர்க் கோட்டையை முற்றினார். சில நாள் முற்றுகைக்குப்பின், ஐதரின் முற்படை கண்ணிற்குப் புலப்படும் வேளையில், ஆகஸ்டு 22ஆம் நாள் கோட்டை அடிபணிந்தது. பிடிபட்டோரை மாற்றிக்கொள்ளலாமென்று கூட்டு விடுத்த வேண்டுகோளை ஐதர் ஏற்கவில்லை என்றும், அவர்களை நம்பிக்கையற்றோரென இகழ்ந்தான் என்றும் சரித்திரகாரர் எழுதுகின்றனர். காத்து நின்ற வீரர் இருதிறத்தார்க்கும் உணவுச் சுமையாயினர் போலும். கோட்டையிற் கிடைத்த நெல் கூட்டின் சேனைக்குச் சிலநாள் உயிர்தந்தது. ஆகஸ்டு 27ஆம் நாள் புள்ளலூரில் மீண்டும் ஒரு போர் நிகழ்ந்து முடிவின்றி ஒழிந்தது. செப்டம்பர் 27ஆம் நாள் சோளிங்கபுரத்திற் கூட்டு வென்றார். அவ்வெற்றியும் போரை முடிக்கவில்லை.

இனி, ஐதர் செய்த அழிவு அவனுக்கு இறுதி வெற்றி தந்ததோவெனின், தரவில்லை. சென்னையின் வயிறு செங்கற்பட்டு வயல்களை மட்டும் நம்பியதன்று. கடல்வழியே வங்காளத்து அரிசி வந்தது. கடலை அடைக்கும் வலி ஐதரிடம் இல்லை. 1781ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்திற் பிரெஞ்சுக் கப்பற்படை கரையோரம் தோன்றியபோது, கடலூரில் உணவின்றியிருந்த கூட்டு சிறைப்பட்டார் எனலாம் அளவிற்கு நெருக்கடி நேர்ந்தது. அக்கப்பற்படைத் தலைவர் அம்மாதத்திலேயே அகன்றமையின் ஆபத்து நீங்கிற்று. ஆதாரத்தைத் தாக்குவோன் அவ்வாதாரத்தின் எல்லா வாயில்களையும் அடைக்கவல்லனாதல் வேண்டும். ஒருவாயில் திறந்திருப்பின் பகைவன் பிழைப்பான், குடிகளே மடிவர்.

அவ்வாறே குடிகள் மடிந்தனர். ஊர்விட்டோடிய மக்கள் சென்னையை நாடினர். 1782ஆம் ஆண்டு அக்டோபர் மாதப் பெரும்புயலில் அரிசிக்கப்பல்கள் உடைந்தமையின் பஞ்சம் முற்றியது. பஞ்சத்தால் நலிந்தார்க்குக் கஞ்சி வார்த்தற்பொருட்டு அவ்வாண்டில் தோன்றியதே மணியக்காரர் சத்திரம். ஐதர் 1782ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டையில் நோயால் இறந்தான். கூட்டு 1783ஆம் ஆண்டு ஏப்ரலிற் சென்னையில் இறந்தார். 1784ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் மங்களூரில் உடன்படிக்கை ஆயிற்று. அதன்படி இருதிறத்தாரும் கைப்பற்றிய இடங்களைத் திருப்பிக் கொடுத்தனர். நான்காண்டுப் போரின் பயன் மன்னர்க்கும் கும்பெனிக்கும் ஒன்றுமில்லை. எரிந்த ஊர்களைத் திருப்பிக் கொடுப்பார் எவருமில்லை.

ஈண்டு ஒரு தடை எழும். சேனையோடு பொருதலே அறம் என்னின், களத்தில் ஆயிரவர் மடிகின்றனர், களஞ்சியத்தைக் கைப்பற்றினாற் போரின்றியே பகைவன் பணிவான், உயிர்க்கொலை குறையும், ஆகலின் பின்னதே அறமாகாதோ என்பது அது. அஃது ஒருவாற்றான் ஒக்கும். திருப்பாச்சூரைக் கைப்பற்றியதில் மடிந்தார் தொகை புள்ளலூரிற் பட்டார் தொகையை நோக்கச் சிறிது. ஆயினும் ஆதாரத்தைத் தாக்குதல் இருவகைப்படும் என்பதனைத் தடை கூறுவோர் நோக்கிலர். தடுத்தல் வேறு, அழித்தல் வேறு. கோட்டையில் வைத்த நெல்லைப் பகைவன் உண்ணாவாறு கைப்பற்றுதல் தடுத்தல். வயலை எரித்தல், ஏரிக்கரையை வெட்டுதல், ஆனிரையைக் கொல்லுதல், உழவனை ஓட்டுதல் அழித்தல். கைப்பற்றிய நெல் எவரேனும் ஒருவர்க்கு உணவாம். எரிந்த வயல் எவர்க்கும் உணவாகாது. தடுத்தலாற் சேனை ஒருபருவம் தளரும். அழித்தலாற் குடிகள் ஒரு தலைமுறை தளர்வர்.

இவ்வேறுபாட்டிற்குக் குடபுலவியனார் வாக்கே அரண். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியனுக்கு அவர், உணவு கொடுத்தோரே உயிர் கொடுத்தோராவர் என்றும், நீரையும் நிலத்தையும் ஒன்றுசேர்த்தோரே உடம்பையும் உயிரையும் படைத்தோராவர் என்றும் அறிவுறுத்தினார். அம்முறையே கொள்ளின், நீரையும் நிலத்தையும் பிரித்தவர் உயிரையும் உடம்பையும் பிரித்தவராவர். அது போர்வினை ஆகாது; ஊர்க்கொலையேயாம். கொலைவினை செய்தானுக்கே அன்றிச் செய்வித்தானுக்கும் உடன்பட்டானுக்கும் உண்டென்பது சைவநூற்றுணிபு. ஏவிய மன்னன் தன் கையால் ஓர் ஊரையும் எரித்திலன் என்பது அவனுக்கு விடுதலை ஆகாது.

பிறநாட்டாரும் இதனை ஓராற்றான் உணர்ந்தனர். மௌரியர் காலத்து இந்நாட்டிற்கு வந்த யவனத்தூதன் மெகஸ்தனிஸ், அண்மையிற் போர் நிகழினும் உழவர் அச்சமின்றி உழுதனர் என எழுதிவைத்தான். கௌடிலியரோ பகைவரது விளைவையும் சேமத்தையும் அழித்தற்கு இடங்கொடுத்தார். இரண்டாம் உலகப்போரில் வானவூர்திகள் ஆலைகளை அழிப்பதாகச் சென்று நகரங்களையே அழித்தன. 1977ஆம் ஆண்டில் ஜினீவா உடன்படிக்கைகளோடு சேர்க்கப்பட்ட ஓர் ஒப்பந்தம், குடிமக்களைப் பட்டினியிடுதலைப் போர்முறையாகக் கொள்ளலாகாதென்றும், அவர்தம் உணவுப்பொருள், விளைநிலம், கால்நடை, குடிநீர் நிலை, பாசன அமைப்பு ஆகியவற்றை அழிக்கலாகாதென்றும் விதித்தது. முதுகுடுமி போர்க்குமுன் அறிவித்த அறத்தின் விரிவே அதுவென்பது பொருந்தும்.

இவ்வாராய்ச்சி பழங்கதை ஆகாது. பெய்லி கடந்துசென்ற கும்மிடிப்பூண்டியில் இன்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. அவரைத் தடுத்த கொற்றலையாற்றின் குறுக்கே, திருப்பாச்சூருக்கு அணித்தாகிய பூண்டியில், 1944ஆம் ஆண்டில் அமைந்த நீர்த்தேக்கம் சென்னை மக்களுக்குக் குடிநீர் தருகின்றது. களஞ்சியம் இருந்த இடத்தில் ஆலையும், குளம் இருந்த இடத்தில் நீர்த்தேக்கமும் நிற்கின்றன, வினா மாறவில்லை.

படைத்தொழிலையும் சிவனடிமையையும் ஒருங்கே அறிந்த நாயன்மார் இருவர் வரலாறும் ஈண்டு நினைதற்குரியன. பல்லவன்பொருட்டு வாதாபியை வென்று பெருஞ்செல்வம் கொணர்ந்த பரஞ்சோதியார், அவர் சிவனடியார் என்பதறிந்த மன்னன் விடைகொடுப்பப் போர்த்தொழிலை விடுத்துச் சிறுத்தொண்டராய்த் தம்மூரில் அடியார்க்கு அமுதூட்டினார். கொடும்பாளூரை ஆண்ட இடங்கழியார், அடியார்க்கு அமுதளிப்பதற்காகத் தம் நெற்பண்டாரத்திற் களவு செய்தவர் உள்ளக்கிடையை அறிந்து, பண்டாரத்தையே அடியார்கள் கொள்ளும்படி திறந்துவிட்டார். ஒருவர் செல்வம் கவர்ந்த கையால் உணவளித்தார். ஒருவர் பூட்டிய களஞ்சியத்தைத் திறந்தார். நெல்லின் முடிந்த பயன் யாதென்பதனை இவர் காட்டினர்.

இனித் தலவரலாற்றிற்கு மீள்க. குறும்பனுக்குத் துணைநின்ற காளியைப் பெருமான் அழித்திலன், கட்டியருளினன். சித்தாந்த நூல்களும் ஆணவமலம் முத்தியினும் அழிவதன்று, அதன் சத்தி மடங்குவதே முறையென்று உரைக்கும். காளியை மலத்தோடு ஒப்பித்தல் ஈண்டுக் கருத்தன்று; அவள் அம்மையின் திருவுருவே. வெல்லும் முறைமை மட்டும் ஒத்தது. ஐம்புலனாகிய சேனையோடு தனித்தனி பொருவோன் ஓய்வறியான். உடம்பையே அழித்துப் புலனை வெல்லக் கருதுவோன் வீடுபேற்றிற்குக் கருவியை இழப்பான். புலன்களுக்கு மூலமாய் நிற்பதன் சத்தியைத் திருவருளால் அடக்குவோனே வெல்வான். அரசியலிலும் அதுவே நெறி. பகைவன் வலிக்கு மூலமாயதைத் தடுக்க. உயிர்களுக்கு மூலமாயதைத் தீண்டற்க. இவ்விரண்டனையும் பகுத்தறியாத வெற்றி, மங்களூர் உடன்படிக்கை போல, எரிந்த ஊர்களன்றி வேறொன்றையும் மிச்சம் வையாது.

மூங்கிற்காட்டில் முளைத்தெழுந்த பாசூர்ப் பெருமான், கோட்டை எழுந்ததனையும் வீழ்ந்ததனையும், இருதிறப் படைகளும் நெல்லைத் தேடி வந்தமையையும் கண்டு, இன்றும் அவ்வண்ணமே வீற்றிருந்தருளுகின்றான். அவன் சந்நிதியில் நின்று வணங்குவோர், போரால் நிலமிழந்தார் எவராயினும் அவர் வயலில் நீரும் நெல்லும் மீளப் பொலிக என்று வேண்டுதல் தக்கது.

திருச்சிற்றம்பலம்.